பழைய தூத்துக்குடிக்கு வந்த பணம்
(தருவைகுளத்தில் பேசியது)

பழைய தூத்துக்குடியைப் புதுப்பிக்கப் பணம் வருகிறது என்றார்கள். 2017-ல் நமது நகரம் ‘ஸ்மார்ட் சிட்டி’ பட்டியலில் சேர்ந்தது. மத்திய சர்க்கார் 500 கோடி வரை. மாநிலமும் அதே அளவு. யார் பணம்? தீப்பெட்டிக்கும் நாம் கட்டும் வரிதான்!

செலவிட்டது யார்? மாநகராட்சி மன்றமல்ல; கம்பெனிச் சட்டப்படி அமைத்த தனிக் கம்பெனி. 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம்வரை தேர்ந்தெடுத்த மன்றமே கிடையாது. ஐந்தாண்டுக்கு மேல் அதிகாரிகள் ராஜ்யம்! 2025 மார்ச்சில் திட்டமும் முடிந்தது.

1908-ல் கோரல் மில் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு வாங்கிய ஊர் இது. மூட்டை சுமந்தவனும் முத்துக் குளித்தவனும் வளர்த்த ஊர். பழைய கட்டடத்துக்குச் சுண்ணாம்பு பூசட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் தெரு பளபளத்ததும் வாடகை ஏறி, அங்கே குடியிருக்கும் சுமைத் தொழிலாளி எங்கே போவான்?

கணக்கை வார்டு வாரியாக மன்றத்தில் வை! இனி வரும் பணத்தில் குடிநீருக்கும் சாக்கடைக்கும் முதல் பங்கு கொடு! குடியிருப்பவனை வெளியேற்றாதே!