விடிய விடிய ஆடிய கூத்து

பல்கலைக்கழகக் கலைவிழா என்றாலே நமக்குச் சினிமாப் பாட்டும் விசிலும்தான் நினைவுக்கு வரும்.

ஆனால் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கதையே வேறு. அங்கே ஒரு திறந்தவெளி அரங்கு இருக்கிறது. மாணவர்களிடையே அதற்குப் பெயர் 'வள'. சிங்களத்தில் பள்ளம், குழி என்று பொருள். பேராசிரியர் சரச்சந்திர 1961-இல் 'சிங்கபாகு' நாடகத்தை அரங்கேற்றியது அந்தப் பள்ளத்தில்தான்.

அதே வளாகத்தில் இருந்தவர் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன். அவர் கையில் எடுத்தது மட்டக்களப்புக் கூத்து. அது விடிய விடிய நடக்கும். வட்டக்களரியைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருக்கும். பட்டணத்துக்காரர் உட்காருவாரா? கொட்டாவி விட்டே கூத்தில் வரும் ராஜாவைக் கவிழ்த்துவிடுவார்! அதனால் வித்தியானந்தன் கூத்தைச் சுருக்கி, மேடைக்கு ஏற்றபடி அமைத்தார். மத்தளமும் சலங்கையும் மட்டும் போகவில்லை. ஆடியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள்.

இப்படி 1962-இல் 'கர்ணன் போர்' வந்தது, பிறகு 'இராவணேசன்'. அதில் இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு. அவரும் பின்னாளில் பேராசிரியரானார். தம் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து அதே இராவணேசனை மறுபடி மேடையேற்றினார்.