நிலைத்த அமைதிக்கு ஐந்தாம் நோன்பு

(தூத்துக்குடியில் நடைபெற்ற மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரை)

 

முதல் உலகப்போர் முடியும் முன்னரே, 1918 சனவரி 8 அன்று, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் நிலைத்த அமைதிக்கெனப் பதினான்கு கோட்பாடுகளை வெளியிட்டார். மறைவான உடன்படிக்கைகள் கூடா. கடல்வழி எல்லார்க்கும் திறந்திருத்தல் வேண்டும். படைக்கலங்கள் குறைதல் வேண்டும். குடியேற்ற நாடுகள் பற்றிய முடிவில் அங்கு வாழும் மக்களின் நலனையும் கருதல் வேண்டும். நாடுகளுக்கெனப் பொதுவான சங்கம் ஒன்று அமைதல் வேண்டும் என்பன அவற்றுட் சில.

கடலைப் பற்றிய கோட்பாடு இவ்வூர்க்குப் புதிதன்று. 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, இத்துறைமுகத்திலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார். 1908-இல் அவர் சிறைப்பட்டார். நிறுவனமும் நலிந்து அழிந்தது. பத்தாண்டு கழித்து வில்சன் கடலுரிமை பேசியபோது, அதற்கு உடன்பட மறுத்ததும் அதே பிரித்தானிய அரசுதான்.

மதுரையில் பிறந்து, சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாய் விளங்கிய எஸ். சுப்பிரமணிய ஐயர், 1917-இலேயே இந்தியாவின் தன்னாட்சிக்கு ஆதரவு வேண்டி வில்சனுக்கு மடல் எழுதினார். அதற்காக இங்கிலாந்து அமைச்சர் கடிந்துரைத்தபோது, அரசு தந்த பட்டங்களைத் துறந்தார். போரில் வென்ற நாடுகளுக்கோ துறக்கும் மனம் வரவில்லை. செருமனியின் குடியேற்ற நாடுகள் விடுதலை பெறாமல், பொறுப்பாட்சி என்னும் பெயரில் வென்றோர் கைக்கு மாறின. இந்தியாவும் அடிமை நாடாகவே இருந்தது. சர்வதேச சங்கம் அமைந்தது. அமெரிக்காவோ அதில் சேரவில்லை. 1939-இல் மீண்டும் உலகப்போர் மூண்டது.

குறை எங்கே? படைக்கலத்தைக் குறைக்கச் சொன்னவர்கள், உடைமை வேட்கையைக் குறைக்க முன்வரவில்லை. நம் முன்னோர் கொல்லாமையை முதல் நோன்பாகவும், மிகுபொருள் விரும்பாமையை ஐந்தாம் நோன்பாகவும் வைத்தனர். ஐந்தாவது தளர்ந்தால் முதலாவதும் நில்லாது. முத்துக்குளித்துறையாகிய இக்கரையில், ஒரு முத்தின் பொருட்டு எத்தனை சிப்பிகள் குவிக்கப்பட்டு அழுகின! ஆசைக்கு அளவில்லாதவிடத்துக் கொலைக்கும் அளவில்லை. இம்மாவட்டத்துக் கழுகுமலைப் பாறையிலே அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர்களோ உடுத்த ஆடையுமின்றி அனைத்தும் துறந்தவர்கள்.

இல்லறத்தார் முற்றத் துறக்க வேண்டுவதில்லை. தம் உடைமைக்குத் தாமே ஓர் அளவு வகுத்துக்கொண்டால் போதும். ஒரு வரப்புக்காகவும் ஒரு சுவருக்காகவும் உடன்பிறந்தார் ஆண்டுக்கணக்கில் பேசாதிருக்கும் வீடுகள் நம்மிடையேயும் உள்ளன. அங்கே வழக்கு முடிந்தாலும் பகை முடிவதில்லை. ‘இவ்வளவு எனக்குப் போதும்’ என மூத்தவர் ஒருவர் முதலில் சொன்னால், அன்றே அவ்வீட்டில் அமைதி தொடங்கும். இத்திருநாளில் அச்சொல்லைச் சொல்லும் துணிவை நாம் பெறுவோமாக!

வாழ்க அறம்! வளர்க அருள்நெறி!