மலை நிரம்புமுன் எண்ணுவோம்



இந்தக் கூட்டத்தில் என்னைச் சுற்றுலா வளர்ச்சி ஆய்வுகள் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதுமே பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்திருக்கும். கவலைப்படாதீர்கள், நான் கொடைக்கானல் போகிற காரிலிருந்து தொடங்குகிறேன்.

2024 மே 7 முதல் அந்தக் காருக்கு இ-பாஸ் வேண்டும். சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவு. அடுத்த வருஷம் வரம்பும் வந்தது. ஏப்ரல் 1 முதல் சீசன் முடியும்வரை வேலை நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் போனது. நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அமெரிக்கப் பாதிரிமார்கள் அங்கே குடியேறியது 1845இல். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஏரியை அமைத்தது 1863இல். நூற்று எண்பது வருஷம் கழித்து, அதுவும் கோர்ட் சொல்லித்தான், எண்ண ஆரம்பித்திருக்கிறோம். வயிறு முட்டத் தின்ற பிறகு எத்தனை இட்லி என்று கணக்குப் பார்க்கிற கதை இது.

ரிச்சர்ட் பட்லர் என்ற புவியியலாளர் 1980இல் ஒரு கட்டுரை எழுதினார். சுற்றுலா ஊருக்கும் ஓர் ஆயுள் உண்டு என்றார். முதலில் நாலு பேர் வழி தேடி வருவார்கள். உள்ளூர்க்காரர் வீட்டில் சோறு போடுவார். பிறகு வெளிமுதலாளி வருவார், லாட்ஜ் வரும், கூட்டம் வரும். ஒரு கட்டத்தில் ஊர் முட்டி நிற்கும். அதற்குப் பிறகு சரிவதும் நிமிர்வதும் அந்த ஊரின் கையில். கொடைக்கானல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் மலைப்பாதையில் காரில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சரி, நம் திண்டுக்கல்?

நமக்கு விருந்தாளி புதிதல்ல. 1772இல் காளையார்கோவில் போரில் கணவரை இழந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்தது நம் விருப்பாச்சி. பாளையக்காரர் கோபால் நாயக்கரின் ஆதரவு, ஹைதர் அலியின் படை உதவி இரண்டோடும் அவர் சிவகங்கையை மீட்டது 1780இல். எட்டு வருஷம் தங்கிய விருந்தாளி எங்கே, இன்று பிரியாணியைச் சாப்பிட்டுக் கை ஈரம் காய்வதற்குள் காரைக் கிளப்புகிற விருந்தாளி எங்கே!

பிரியாணியை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1957இல் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் என்ற பெயரில் தொடங்கிய கடை, அவர் கட்டியிருந்த தலைப்பாகையாலேயே பெயர் மாறி, இன்று கடல் கடந்து ஊரின் பெயரைச் சொல்கிறது. ஆனால் ஐ.நா. கணக்குப்படி ஓர் இரவாவது தங்கினால்தான் அவர் சுற்றுலாப் பயணி. மற்றவர் ஒருநாள் வந்து போனவர். நம்மிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒருநாள்கூட இல்லை, ஒருவேளைச் சாப்பாடு!

அந்த விருந்தாளி சாப்பிட்ட இடத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் மலைக்கோட்டை. 1605இல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கியது. உச்சியில் விக்கிரகமில்லாத கோயில். கீழே பேகம்பூரில் ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் சமாதி. பக்கத்திலேயே தாடிக்கொம்பு, தூண் தூணாகச் சிற்பம். கொடைக்குப் போகிற காரில் இருப்பவருக்கு இதில் ஒன்றாவது தெரியுமா? தெரிந்தும் நிற்கவில்லையா, தெரியாமல் போனாரா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. இதைக் கேட்டுப் பார்ப்பதுதான் ஆய்வு.

அந்தக் கார் நிற்காத இன்னோர் இடமும் உண்டு. நல்லாம்பட்டிப் பக்கம் ஒரு பூட்டுப் பட்டறையில் போய் நில்லுங்கள். சாவியை வைஸில் இறுக்கி, அரத்தால் பல் பல்லாக ராவிக்கொண்டிருப்பார் ஒரு பெரியவர். ஒரு ராவல், எடுத்து வெளிச்சத்தில் ஒரு பார்வை, மறுபடி ராவல். உள்ளே இருக்கிற லிவர்கள் அந்த ஒரு சாவிக்குத்தான் ஏறி இறங்கும். கடைசியில் போட்டுத் திறக்கிறபோது கேட்கிற சத்தத்தை வைத்தே சரியா தப்பா என்று சொல்லிவிடுவார். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கைதட்டினோம். ஆனால் மிஷினில் அடித்து வருகிற அலிகார் பூட்டின் விலையோடு அந்த அரம் போட்டி போட முடியுமா? சான்றிதழ் பூட்டு வாங்காது, ஆள்தான் வாங்க வேண்டும். அந்த ஆள் தினமும் பைபாஸில் நம்மைக் கடந்து போகிறார்.

"அப்படியானால் ரிசார்ட் கட்டிவிடலாம்" என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. அங்கேதான் எனக்குப் பயம். கொடைக்கு இ-பாஸ் கிடைக்காத கார் எந்தப் பக்கம் திரும்பும்? பதினெட்டு கொண்டை ஊசி வளைவு ஏறினால் சிறுமலை. குதிரை முதுகில் பழமும் காயும் இறங்கிய மலை. முடிக்கொத்து நோய் வந்து மலை வாழைத் தோட்டங்கள் அழிந்ததை நம் தகப்பன்மார் கண்ணால் பார்த்தார்கள். மிச்சமிருக்கிற எலுமிச்சையும் பலாவும் இன்றும் நம் ஊர்ச் சிறுமலை செட் சந்தைக்கு வருகின்றன. அங்கே எத்தனை வண்டி தாங்கும், தண்ணீர் எவ்வளவு, குப்பை எங்கே போகும்? இதை இன்று எண்ணினால் செலவு குறைவு. நாற்பது வருஷம் கழித்து எண்ணினால் ஐ.ஐ.டி. வர வேண்டியிருக்கும், அதற்கு முன்னால் கோர்ட் வர வேண்டியிருக்கும்.

இன்னொரு கணக்கும் வேண்டும். வருகிறவர் செலவழிக்கிற நூறு ரூபாயில் நம் ஊரில் தங்குவது எவ்வளவு? பொருளாதாரக்காரர்கள் இதைக் கசிவு என்பார்கள். முதலாளி வெளியூர், மேனேஜர் வெளியூர், மளிகையும் வெளியூர் என்றால் நமக்கு மிஞ்சுவது பாத்திரம் கழுவுகிற தண்ணீர்தான். லாட்ஜில் அறை பெருக்குகிற அக்காவுக்குச் சம்பளம் எவ்வளவு, சீசன் முடிந்தால் வேலை உண்டா என்று கேட்காத ஆய்வு, எவ்வளவு கனமாக பைண்டு செய்திருந்தாலும், எனக்கு வேண்டாம்.

இதைச் செய்ய ஆளில்லாத ஊரா இது? டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1956இல் காந்திகிராமத்தில் ஊரக நிறுவனத்தைத் தொடங்கியதே, கிராமத்தில் போய் உட்கார்ந்து படிக்கத்தான். கல்லூரிப் பேராசிரியர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். வரும் ஏப்ரலில் மூன்று இடத்தில் மாணவர்களை நிறுத்துங்கள்: கொடை ரோடு ஸ்டேஷன், மலைக்கோட்டை வாசல், சிறுமலை அடிவாரம். கையில் ஒரு தாள், நாலே கேள்வி: எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை மணி நேரம் இங்கே, என்ன வாங்கினீர்கள், ஏன் தங்கவில்லை? வெயில் கொடுமையாக இருக்கும். மோர் பானை வைக்கிற பொறுப்பை நம் வர்த்தகர்கள் ஏற்றுக்கொள்ளட்டும். யார் எந்த இடம் என்பதைக் கூட்டம் கலைவதற்குள் இங்கேயே பேசி முடித்துவிடுவோம். தலைவர் ஐயா, மைக் உங்களுக்கு.