ஆசிரியர் முதலில், பள்ளி பிறகு
அறக்கட்டளைச் சொற்பொழிவு

  யாருடைய நினைவாகக் கூடியிருக்கிறோமோ அவர் தம் பணிக்காலம் முழுவதும் வகுப்பறையில் நின்றவர். ஆசிரியர்களைப் பற்றிப் பேசுவதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று கருதி உரைக்குள் நுழைகிறேன்.

நம் கிறிஸ்தவப் பள்ளிகளில் விசுவாசத்தால் இயங்கும் ஆசிரியர் குழுவை எப்படி உருவாக்குவது? இந்தக் கேள்வி உங்களுக்குப் பழக்கமானது. என் சகாக்கள் இதற்கு வைத்திருக்கும் பதிலும் பழக்கமானதே. நியமனத்தில் கண்டிப்பு வேண்டும், ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்க்க வேண்டும், சேகரக் குருவானவரின் கடிதம் வேண்டும், நம்மவரை எடுத்தால் பள்ளி நம்முடையதாக நிற்கும் என்கிறார்கள். அரசியல் சட்டத்தின் 30(1) பிரிவு சிறுபான்மையினருக்குத் தரும் உரிமையை அவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். அந்த உரிமையை விட்டுவிடுங்கள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த உரிமையால் ஆகாத ஒரு காரியத்தை அதனிடம் எதிர்பார்க்கிறீர்கள் என்றே சொல்லிவந்தேன். நியமனக் கடிதம் ஓர் ஆசிரியரைத் தரும். ஆசிரியர் குழுவை அது தராது. இன்று அதற்கான காரணங்களை முழுமையாக எடுத்துவைக்கிறேன்.

1. யாழ்ப்பாணத்துச் சான்று

இந்த வாதம் சூடுபிடிக்கும்போதெல்லாம் சகாக்கள் ஒரே பெயரைச் சொல்வார்கள்: யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர். "வெஸ்லியன் மிஷன் பள்ளியில் ஒரு சைவரை ஆசிரியராக வைத்தார் மிஷனெரி பீட்டர் பெர்சிவல். என்ன ஆயிற்று? அந்த ஆசிரியர் வெளியே போய் மிஷனுக்கு எதிராகவே பள்ளி கட்டினார். புறத்தாரை உள்ளே விட்டால் இதுதான் முடிவு" என்பார்கள். இந்தச் சான்றையே நான் எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் சொல்லும் முடிவுக்கு நேர் எதிரான முடிவுக்கே அது நம்மைக் கொண்டுபோகிறது.

முதலில், நாவலர் அந்தப் பள்ளிக்குப் புறத்தாரே அல்லர். 1822இல் நல்லூரில் பிறந்தவர், பின்னாளில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி என்று பெயர்பெற்ற அதே வெஸ்லியன் பள்ளியில் மாணவராக ஆங்கிலம் கற்றவர். ஏறக்குறைய இருபது வயதில் அங்கேயே ஆசிரியரானார். ஆங்கிலமும் தமிழும் கற்பித்தார். பள்ளியே வளர்த்தெடுத்த பிள்ளை அவர். நியமன வாசலில் எத்தனை சான்றிதழ் கேட்டாலும் இந்த வகை மனிதரின் வருகையையும் போக்கையும் அந்த வாசலால் விளக்க முடியாது.

அடுத்து, அங்கே அவர் செய்த வேலையைப் பாருங்கள். பெர்சிவலின் தலைமையில் வேதாகமத்தைத் தமிழாக்கும் பணி நடந்தது. அதில் பெர்சிவலுக்கு உற்ற துணையாக நின்றவர் நெற்றியில் திருநீறு அணிந்த இந்த இளைஞர். மூலத்தின் பொருளுக்குப் பெர்சிவல் பொறுப்பு, தமிழின் செம்மைக்கு ஆறுமுகம் பொறுப்பு. மொழிபெயர்ப்பைச் சென்னைக்கு எடுத்துச்சென்று, தமிழறிஞர் மழவை மகாலிங்கையரிடம் காட்டி, அவர் ஒப்புதலோடு இருவரும் திரும்பினார்கள் என்று நாவலரின் சரித்திரத்தை எழுதியோர் குறிக்கிறார்கள். 1850இல் அந்த மொழிபெயர்ப்பு அச்சாயிற்று. சபைகள் அதை விரும்பி ஏற்கவில்லை, பின்னர் ஹென்றி பவர் குழுவின் மொழிபெயர்ப்பே நிலைத்தது என்பது தனிக் கதை. நமக்கு வேண்டியது வேறு. பல ஆண்டுகள் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே நூலோடு மல்லுக்கட்டிய இருவர், மதத்தால் வேறுபட்டவர்கள், அவ்வளவு காலம் பிரியாமல் இருந்தார்கள். அவர்களைக் கட்டிவைத்தது எது? அந்த நூல் இருவருக்குமே முக்கியமாக இருந்தது என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தெரியவில்லை. ஒருவருக்கு அது வேதம். மற்றவருக்கு அது தமிழில் எழுதப்படும் ஒரு பெரிய நூல், அரைகுறையாக எழுத மனம் ஒப்பாத நூல்.

இப்போது தேதிகளைக் கவனியுங்கள். 1847 டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் நாவலர் தம் முதல் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் நடந்தது. நல்லூர் கார்த்திகேய ஐயரும் உடன் பேசினார். மிஷன் பள்ளி வேலையை நாவலர் விட்டது 1848 செப்டம்பரில். அதாவது எட்டு மாதங்களுக்கு மேல், பகலில் கிறிஸ்தவப் பள்ளி ஆசிரியராகவும் வெள்ளிக்கிழமைகளில் சைவப் பிரசங்கியாகவும் ஒரே மனிதர் இருந்திருக்கிறார். கூடுதல் ஊதியம் தருவதாகச் சொல்லியும் அவர் நிற்கவில்லை என்று சரித்திரகாரர்கள் எழுதுகிறார்கள். 1847இல் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த மாணவன் ஒருவனைப் பள்ளியில் சேர்த்ததால் எழுந்த கலகமும் இந்தப் பிரிவின் பின்னணியில் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அந்த மாணவனைச் சேர்த்தது மிஷனின் வரலாற்றில் பெருமைக்குரிய செயல். சாதி ஒழுங்கை நாவலர் ஏற்றுக்கொண்டவர். அது அவர் பள்ளியின் தீராத குறை. அந்தக் குறையை நாம் ஒருநாளும் கடன் வாங்கக் கூடாது.

ஆனால் கடன் வாங்க வேண்டிய ஒன்று அவரிடம் இருக்கிறது. என் உரையின் மையமே அதுதான்.

வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை 1848இல் தொடங்கியது. அதற்கு முன்னரே, மிஷன் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே, காலையிலும் இரவிலும் தம் வீட்டில் சில இளைஞர்களுக்கு நாவலர் காசு வாங்காமல் பாடம் சொன்னார். இலக்கணம், இலக்கியம், சைவ நூல்கள் எல்லாம் அங்கே நடந்தன. வித்தியாசாலை திறந்தபோது வகுப்புகளில் நின்றவர்கள் அந்த இளைஞர்களே. கட்டடம், பணியிடம், விளம்பரம், விண்ணப்பம் என்ற வரிசையை அவர் பின்பற்றவில்லை. முதலில் ஆட்கள், அவர்களோடு பல காலப் படிப்பு, அதன் பிறகு பள்ளி. நல்லூர் சதாசிவப்பிள்ளை அந்தக் கூட்டத்தில் ஒருவர். 1849இல் அச்சியந்திரம் வாங்க நாவலர் தமிழகம் வந்தபோது கூட வந்தவர் அவர். அந்தப் பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனம் 'நாவலர்' பட்டம் அளித்தது. பிறகு பாலபாடங்கள் வந்தன, பெரியபுராண வசனம் வந்தது, வினாவிடை வடிவில் சமயப் பாடம் வந்தது. 1864இல் சிதம்பரத்தில் இன்னொரு வித்தியாசாலை எழுந்தது. 1879இல் நாவலர் மறைந்த பிறகும் அந்தப் பணிகள் நின்றுவிடவில்லை. சதாசிவப்பிள்ளை அவற்றைத் தாங்கினார். தலைவர் போனபின் பத்து ஆண்டு தாங்காத குழுக்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இது அப்படிப்பட்ட குழு அன்று.

இந்தக் கருவிகளை அவர் எங்கே கற்றார்? வாராந்தரப் பிரசங்கம், வினாவிடைப் பாடம், படிநிலையாக அமைந்த வாசிப்பு நூல், அச்சுக்கூடம், பள்ளி: ஒவ்வொன்றும் மிஷனின் கருவி. இதைச் சொல்லிக் கிறிஸ்தவர்கள் பெருமைப்படுவதைப் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் பெருமையைவிடத் துக்கமே மிகுதி. மிஷன் பள்ளி தன்னிடமிருந்த மிகச் சிறந்த பாடத்தை, விசுவாசத்தைச் சுற்றி ஆசிரியர்களைப் பழக்கும் பாடத்தை, தன் சொந்த ஆசிரியர்களிடம் முழுமையாக நடத்திக் காட்டவில்லை. அதன் ஆசிரியர்கள் மிஷனின் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். மிஷனெரி தீர்மானித்தார், அவர்கள் செய்தார்கள். பெர்சிவலும் நாவலரும் அமர்ந்த அந்த மேசையை நாற்பது ஆசிரியர்களுக்கு விரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாவலர் அப்போதும் போயிருப்பார், போகவே வேண்டும், அவருடைய விசுவாசம் அது. ஆனால் அவர் போனபோது பள்ளிக்கு ஏற்பட்ட இழப்பு ஒரு மனிதரின் இழப்போடு நின்றிருக்கும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மொழிபெயர்ப்புப் பணி முடியும் தறுவாயில்தான் அவர் விலகுகிறார். பொதுவேலை இருந்தவரை மதவேறுபாடு அவர்களைப் பிரிக்கவில்லை. பொதுவேலை தீர்ந்தபின் எஞ்சியது ஊதியம் ஒன்றே, அது அவரைக் கட்டவில்லை. ஆவணம் இதை நேராகச் சொல்லவில்லை. தேதிகளை அடுக்கிப் பார்த்து நான் எடுத்த முடிவு இது. எனினும் இதில் எனக்கு உறுதி உண்டு. பொதுவேலை இல்லாத ஆசிரியர் அறையில் ஞானஸ்நானம் பெற்ற இருவர்கூட ஒருவருக்கொருவர் அந்நியர்களாக இருப்பதை நீங்கள் ஒவ்வொருவரும் பார்த்திருக்கிறீர்கள்.

சகாக்கள் இதற்கு ஒரு மறுப்பு வைத்திருக்கிறார்கள். "நாவலரின் குழுவில் எல்லாரும் சைவர்களே. அவரும் தம்மவரைத்தானே எடுத்தார்?" உண்மை. ஆனால் பிறப்பை மட்டும் பார்த்து அவர் அவர்களை நாற்காலியில் உட்காரவைக்கவில்லை. சைவராகப் பிறந்த இளைஞர்கள் யாழ்ப்பாணம் முழுவதும் இருந்தார்கள். அவர்களில் தம்மோடு இரவும் காலையும் படித்த சிலரையே நம்பினார். ஞானஸ்நானச் சான்றிதழ் குழந்தைப் பருவத்தில் பெற்றோர் எடுத்த முடிவுக்குச் சாட்சி. முப்பது வயதில் வகுப்பறையில் நிற்பவரின் விசுவாசத்துக்குச் சாட்சி சொல்ல அதனால் இயலாது.

2. வட்டுக்கோட்டை

அதே யாழ்ப்பாணத்தில், அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி என் பக்கம் நிற்கும் இன்னொரு சான்று. டேனியல் பூர் முதல் தலைவர். மாணவர்கள் அங்கேயே தங்கிப் படித்தார்கள், அவர்களில் சிறந்தவர்கள் அங்கேயே ஆசிரியர்களானார்கள். நியாய இலக்கணம் எழுதிய நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை அந்த வரிசையில் வந்தவர். ஆனால் மிஷனின் பாஸ்டன் தலைமையகத்திலிருந்து ரூபஸ் ஆண்டர்சன் தலைமையில் வந்த தூதுக்குழுவின் முடிவால் 1855இல் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வியால் சபைக்குக் கிடைத்த பலன் போதாது என்பது அவர்கள் கணக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அந்தச் செமினரியின் மாணவர்களே. இருவரும் பின்னர் சைவத்துக்குத் திரும்பியவர்கள் என்பதைச் சகாக்கள் நினைவூட்டுவார்கள். முப்பது ஆண்டுகளில் உருவான ஓர் ஆசிரியர் பரம்பரையை ஞானஸ்நானப் பதிவேட்டைக் கொண்டு அளந்து கலைத்தது சரியா என்பதே என் கேள்வி. அதன் வாரிசாக யாழ்ப்பாணக் கல்லூரி எழ 1872 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

3. டோனாவூரும் லிண்ட்சே அறிக்கையும்

பொதுவேலையால் கட்டப்பட்ட குழுவுக்கு இன்னொரு சான்று டோனாவூர்ப் பிள்ளைகள் இல்லம். அங்கே மிஷனெரி ஏமி கார்மைக்கேலுடன் உழைத்த பெண்கள் சம்பளம் பெறவில்லை. 1916இல் அவர்களில் சிலர் 'பொதுவாழ்வுச் சகோதரிகள்' என்ற பெயரில் கூடினார்கள். பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும் பாடம் சொல்வதும் ஜெபிப்பதும் அங்கே ஒரே வேலை. அரசு ஊதியம் பெறும் நம் பள்ளிகளுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் ஜெபத்தைக் காலை பதினைந்து நிமிடத்துக்குள் அடைத்துவிட்டு மற்ற நேரத்தை அதிலிருந்து பிரித்துவைக்கும் வழக்கத்துக்கு அது ஒரு பதில்.

ஏ. டி. லிண்ட்சே தலைமையிலான குழுவின் 1931 அறிக்கை இந்தியாவின் கிறிஸ்தவக் கல்லூரிகளைப் பற்றியது. கிறிஸ்தவ ஆசிரியர்கள் போதவில்லை என்று அது சொன்னதைச் சகாக்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆசிரியர்கள் சேர்ந்து ஆய்வு செய்யவும், கல்லூரிக்கு வெளியே மக்களிடம் செல்லவும் வழி வேண்டும் என்று அதே அறிக்கை கேட்டதை யாரும் காட்டுவதில்லை.

4. நம் பள்ளிகள்

இந்தச் சான்றுகளிலிருந்து நம் பள்ளிகள் எடுத்துக்கொள்ள வேண்டியதை, நேரம் குறைவாக இருப்பதால், சுருக்கமாகச் சொல்கிறேன். புதிதாகச் சேரும் ஆசிரியரை முதல் ஆண்டு மூத்த ஆசிரியர் ஒருவரோடு இணைத்துவிடுங்கள். வாரம் ஒரு மணி நேரம் ஆசிரியர்கள் சேர்ந்து படிக்கட்டும்: ஒரு வாரம் வேதாகமம், ஒரு வாரம் அவரவர் பாடம். கிறிஸ்தவரல்லாத ஆசிரியர்களை அந்த மேசைக்கு அழையுங்கள், வர விருப்பமில்லாதவரை வற்புறுத்தாதீர்கள். அரசின் முழு ஊதியம் பெறுபவரும், நிர்வாகம் தரும் சிறு தொகையில் தற்காலிகமாக வேலை செய்பவரும் ஒரே காலைத் தியானத்தில் நிற்கிறார்கள். அந்த வேறுபாட்டைக் குறைக்காமல் ஒருமனப்பாட்டைப் பற்றிப் பேசுவது பாவம் என்றே நான் நினைக்கிறேன். நியமனத்துக்குப் பணம் கைமாறும் இடத்தில் எந்தக் குழுவும் உருவாகாது. இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

5. செய்யவேண்டிய ஆய்வுகள்

வெஸ்லியன் மிஷன் ஆவணங்கள் லண்டனில் சோவாஸ் நூலகத்திலும், அமெரிக்க மிஷன் ஆவணங்கள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்திலும், சர்ச் மிஷனெரி சங்க ஆவணங்கள் பர்மிங்காமிலும் உள்ளன. அங்கே பள்ளி ஆசிரியர்களின் சம்பளப் பட்டியலையும் கூட்டக் குறிப்புகளையும் மட்டும் தேடிப் படிக்க ஓர் இளம் ஆய்வாளர் வேண்டும். மிஷனெரி ரேனியஸுக்குத் தமிழ் கற்பித்த திருப்பாற்கடல்நாதன் கவிராயரைப் பற்றிப் பாளையங்கோட்டையில் ஒரு தனி ஆய்வு வர வேண்டும். விடுதிக் காப்பாளர்கள், வேதப் பெண்கள், உபதேசியாராகவும் ஆசிரியராகவும் இருந்தவர்கள் ஆகியோரின் வாய்மொழி வரலாறுகளை அவர்களின் பிள்ளைகள் இருக்கும்போதே பதிவுசெய்ய வேண்டும். பழைய பள்ளிகளின் தலைமையாசிரியர் நாட்குறிப்பேடுகள் பல இன்னும் அலமாரிகளில் கிடக்கின்றன. கறையான் தின்னுமுன் அவற்றைப் படமெடுத்து வைக்கத் திருமண்டலக் கல்விக் குழு இந்த ஆண்டே ஒரு தொகையை ஒதுக்க வேண்டும் என்று இந்த அவையின் முன் கேட்டுக்கொள்கிறேன்.