கணக்கில் ஒரு பக்கம்

(காரைக்காலில் ஒளிப்பதிவான பட்டிமன்றம். தலைப்பு: மனிதனைப் பெரிதும் ஏமாற்றுவது பிறரா? அவன் மனமா? ‘அவன் மனமே’ என்ற அணியின் நிறைவுப் பேச்சு.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் கண் கலங்கப் பேசினார். 1990-களில் ஊருக்கு ஊர் நிதி நிறுவனங்கள் முளைத்தன, வங்கியைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வட்டி என்றார்கள், பணத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்கள், ஏமாற்றியது பிறர்தானே என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவன் திருடன், நான் மறுக்கவில்லை. ஆனால் பணம் போட்ட நம்ம ஆள் என்ன செய்தார்? விசாரித்தாரா? விசாரித்தார். பத்துப் பேரிடம் விசாரித்தார். ‘வட்டி வருதாங்க?’ ‘மாசாமாசம் வருதுங்க.’ பத்துப் பேரும் வட்டி வாங்குகிறவர்கள். அசலைத் திருப்பிக் கேட்கப் போனவன் ஒருத்தனை, ஒரே ஒருத்தனைப் பார்த்து விசாரித்தாரா? இல்லை. ஏன்? மனசு ஏற்கெனவே பணத்தைக் கட்டிவிட்டது. அதற்கு வேண்டியது விசாரணை இல்லை, ஒரு ஆமாம்! (கைதட்டல்)

இதை லண்டனில் 1960-ல் பீட்டர் வேசன் என்ற உளவியல் அறிஞர் மூன்று எண்களை வைத்தே காட்டினார். நாமும் விளையாடிப் பார்ப்போமா? 2, 4, 6. இதற்குள் ஒரு விதி இருக்கிறது. நீங்கள் வேறு மூன்று எண் சொல்லுங்கள், விதிக்குப் பொருந்துகிறதா என்று நான் சொல்கிறேன். முன் வரிசைத் தம்பி சொல்கிறார், 8, 10, 12. பொருந்தும். அந்த அம்மா, 20, 22, 24. பொருந்தும். என்ன விதி? ‘இரண்டு இரண்டா கூடுது சார்!’ தப்பு! 1, 2, 50 சொன்னாலும் பொருந்தும். முந்தையதைவிட அடுத்தது பெரியதாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் விதி. ‘6, 4, 2 பொருந்துமா’ என்று யாராவது கேட்டீர்களா? நாம் நினைத்தது தப்பாக இருக்குமோ என்று ஒரு கேள்வி கேட்க நமக்கு நாக்கு எழவில்லை. வேசன் கேட்டவர்களிலும் பெரும்பாலோர் இப்படித்தான் முதலில் தவறினார்கள்.

லண்டன் எதற்கு? இங்கிருந்து பஸ் ஏறினால் திருநள்ளாறு. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை சனிப்பெயர்ச்சி என்றால் இந்த வட்டாரமே தாங்காது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் சனீசுவர பகவானைக் குறை சொல்ல வரவில்லை. நள தீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து முழுகியவன் நான். என் சண்டை பகவானோடு இல்லை, நம்ம கணக்குப் புத்தகத்தோடு.

கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். ராசி பன்னிரண்டு. ஏழரைச் சனி எப்போதும் மூன்று ராசிக்கு நடக்கும். எட்டாம் இடம் அட்டமச் சனி, அது ஒரு ராசி. நாலாம் இடம் அர்த்தாஷ்டமச் சனி, ஒரு ராசி. ஏழாம் இடம் கண்டகச் சனி, இன்னொரு ராசி. ஆக ஆறு. பன்னிரண்டில் ஆறு! எந்த நாளில், எந்த ஊரில் கூட்டம் போட்டாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஒரு சனி. நடுவர் அவர்களே, எங்கள் மேடையில் ஆறு பேர். மூன்று பேருக்குச் சனி நடக்கலாம். அது எதிரணி என்று நான் சொல்லவில்லை. (சிரிப்பு)

இப்போது ஒருவருக்கு ஏழரை நடக்கிறது. அந்தக் காலத்தில்தான் வீடு கட்டினார், பெண்ணுக்குக் கல்யாணம் முடித்தார், பையனுக்கு வேலை கிடைத்தது. ஒருநாள் ஸ்கூட்டர் பஞ்சர். ‘பார்த்தியா, ஏழரை சும்மா விடுமா?’ வீடு கட்டியது? அது அவர் உழைப்பு. பஞ்சர்? அது சனி. சரி, நல்லதே நிறைய நடந்துவிட்டதே என்று கேட்டால், ‘இது ரெண்டாவது சுற்று, பொங்கு சனி!’ கெட்டது நடந்தால் மங்கு சனி, நல்லது நடந்தால் பொங்கு சனி. எப்படி நடந்தாலும் நாம் நினைத்ததே சரி. இந்தக் கணக்கை எந்த ஆடிட்டரும் உடைக்க முடியாது ஐயா! செலவுப் பக்கம் மட்டும் எழுதுகிற கணக்குப்பிள்ளைதான் நம் மனசு.

பஞ்சரை யார் தலையில் போட்டாலும் நட்டமில்லை. இதே கணக்கை ஒரு மனிதன் மேல் எழுதினால்? அங்கேதான் எனக்கு வலிக்கிறது. நான் எழுதியிருக்கிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், கடற்கரைக் கிராமத்துப் பையன் ஒருவன். கடைசி பெஞ்சு. சட்டையில் மீன் வாடை வரும். முதல் வாரமே இரண்டு நாள் தாமதமாக வந்தான். நான் மனசுக்குள் எழுதிவிட்டேன், ‘இவன் தேறமாட்டான்.’ அதற்கப்புறம் அவன் தாமதமாக வந்த நாளெல்லாம் என் கண்ணில் பட்டது. நேரத்துக்கு வந்த நாள் ஒன்றுகூடப் படவில்லை.

ஒரு தேர்வு. சிலப்பதிகாரத்தில், விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்ன பாண்டியனைப் பற்றிக் கேள்வி. கேள்வியைக் கவனியுங்கள் நடுவர் அவர்களே! இந்தப் பையன் நாலு பக்கம் எழுதியிருந்தான். நானே எழுதியிருந்தால்கூட அவ்வளவு நன்றாக வந்திருக்காது. நான் என்ன செய்தேன்? வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேட்டேன், ‘யாரைப் பார்த்துடா எழுதினே?’

அவன் குரல் உயர்த்தவில்லை. ‘ஐயா, என் பக்கத்துல இருந்தவங்க ரெண்டு பேரும் அந்தக் கேள்விய எழுதவே இல்லைங்க ஐயா’ என்றான்.

அறைக்குப் போய்த் தாள்களைப் புரட்டினேன். உண்மை. பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்தேன். தாமதமாக வந்தவர் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி வைப்பது என் பழக்கம். எண்ணினேன். எழுபது நாளில் அவனுக்கு எட்டுப் புள்ளி. தோணி கரை சேர நேரமானால் அப்பாவுக்குக் கூடை தூக்கிவிட்டு வருவானாம், பிறகு கேள்விப்பட்டேன். முன் பெஞ்சில் ஒரு பையன். சலவைச் சட்டை, அழகான கையெழுத்து, நான் எப்போதும் மெச்சுகிற பிள்ளை. அவனுக்குப் பதினொரு புள்ளி. பதினொன்றையும் வைத்தது இந்தக் கைதான்! வைத்த கைக்குத் தெரிந்தது, மனசுக்குத் தெரியவில்லை.

மறுநாள், கேட்டது வகுப்பில் என்பதால் மன்னிப்பும் வகுப்பிலேயே கேட்டேன். எழுந்து நின்று ‘பரவாயில்லைங்க ஐயா’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். ஆனால் அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க, என் பாடத்தில் எந்தக் கேள்விக்கும் அவன் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதவே இல்லை.

எதிரணி நண்பர்களே, உங்களைக் கேட்கிறேன். அன்றைக்கு என்னை ஏமாற்றியது எந்த நிதி நிறுவனம்? எந்தத் தரகர்? எந்த மந்திரவாதி?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார்கள். ஒரே ஒரு விண்ணப்பம் ஐயா. கடைசியாகப் பேசியவன் சொன்னதுதான் காதில் நிற்கும், அதுவும் மனசு செய்கிற ஒரு வேலை. ஆகவே தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் எதிரணி பேசியதையும் ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் எங்களுக்கே சாதகமாகச் சொல்லுங்கள். (சிரிப்பு, கைதட்டல்)