உறக்கமும் மூலிகையும்: பழனி மலையை முன்வைத்து ஓர் உரை



உறக்கத்தைச் சமணம் எளிய பொருளாகக் கருதியதில்லை. உமாஸ்வாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரம் தரிசனாவரணீய கர்மத்தின் ஒன்பது வகைகளை எண்ணுமிடத்து, ஐந்தை உறக்கத்திற்கே ஒதுக்கிவிடுகிறது: நித்திரை, நித்திராநித்திரை, பிரசலை, பிரசலாபிரசலை, ஸ்தியானகிருத்தி. அமர்ந்தபடியே கண்ணயர்வதும், நடக்கும்போதே உறங்குவதும், உறக்கத்திலே எழுந்து வினைபுரிவதும் இவற்றுள் அடங்கும். மிகை உறக்கத்தை இத்துணை நுட்பமாக ஆராய்ந்த மரபில் வந்த இல்லங்களில், இன்று முதியோரும் இளையோரும் உறக்கம் வராமல் புரண்டு கிடக்கின்றனர். அதற்கு மருந்து தேடும்போது, உறக்கத்தோடு விரதமும் கெட்டுவிடுமோ என்ற ஐயம் எழுகிறது. அந்த ஐயம் நியாயமானதே. உறக்கத்திற்கெனச் சொல்லப்படும் மூலிகைகளுட் பல வேர்கள். அவற்றுக்கு அனுபானம் பெரும்பாலும் தேன். உண்ணும் நேரமோ இரவு.

மூலிகை என்றதும் தமிழர் நினைவு பழனி மலையை நாடுகிறது. போகர் பெயரோடு சேர்த்துச் சித்த மருத்துவம் பேசப்படும் மலை அது. நம்மவர்க்கும் அது அயலிடம் அன்று. பழனிக்கு அருகே பாப்பம்பட்டியை அடுத்த ஐவர்மலைக் குகைத்தளத்தில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் இன்றும் உள்ளன. சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870இல், வரகுண பாண்டியன் காலத்தில், குணவீரக்குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக்குரவர் பார்சுவ படாரரையும் இயக்கியரையும் புதுப்பித்த செய்தியை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது.

அதே ஒன்பதாம் நூற்றாண்டில், இராட்டிரகூடர் நாட்டில், உக்கிராதித்தியர் என்னும் சமண ஆசாரியர் ‘கல்யாணகாரகம்’ என்ற மருத்துவ நூலை வடமொழியில் இயற்றினார். மது, மாமிசம், தேன் ஆகிய மூன்றையும் விலக்கியே மருத்துவம் செய்ய இயலும் என்பது அந்நூலின் கொள்கை. மருந்துக்குப் பாவமில்லை என்று சொல்லித் தப்பிக்க அவர் இடங்கொடுக்கவில்லை. மூன்றையும் நீக்கியபின் எஞ்சும் தாவரங்களே போதும் என்று காட்ட ஒரு முழுநூல் செய்தார். இன்று தேன் குழைத்த சூரணத்தை நீட்டுபவரிடம், பாலிலோ வெந்நீரிலோ தரலாகாதா என்று கேட்பதற்கு நம்மவர் கூச வேண்டியதில்லை.

உறக்கத்திற்குச் சித்த மருத்துவர் பரவலாகத் தருவது அமுக்கரா சூரணம். கிராம்பு, சிறுநாகப்பூ, ஏலம், மிளகு, திப்பிலி, சுக்கு ஆகியவற்றோடு அமுக்கராவும் சர்க்கரையும் சேர்ந்தது அது. இப்பட்டியலைப் படிக்கும் தமிழ்ச் சமணர் ஒரு கணம் நின்றுவிடுவர். கணிமேதாவியார் தம் அறநூலுக்கு ‘ஏலாதி’ என்று பெயரிடக் காரணமான ஆறு சரக்குகளும் ஏறத்தாழ இவையே. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டங்களின் நடுவே மிளகும் ஏலமும் இன்றும் விளைகின்றன.

அமுக்கராவோ வேர். வேர் ஆகாது என்று ஒரே வீச்சில் தள்ளுவதற்குமுன், ஐந்து வேர்களின் பெயரால் ‘சிறுபஞ்சமூலம்’ செய்த காரியாசானும் சமணரே என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணற்ற உயிர் உறையும் கிழங்கை உணவாக நாள்தோறும் உண்பது வேறு. உலர்ந்த வேரை நோய்க்காலத்தில் அளவாகக் கொள்வது வேறு. சுக்கை ஏற்கும் இல்லங்கள் இந்த வேறுபாட்டை நடைமுறையில் அறிந்தவையே. ஆயினும் அவரவர் ஏற்ற விரதமே இதில் முடிவு சொல்லும். அசுவகந்தாரிஷ்டம் போன்றவற்றில் இத்தகைய விவாதத்திற்கே இடமில்லை. நொதிக்க வைத்துச் செய்வதால் அவற்றில் மதுச்சத்து தானே விளைகிறது, தேனும் சேர்கிறது.

உடல்நலம் பற்றிய எச்சரிக்கையும் உண்டு. அமுக்கரா உறக்கத்தை ஓரளவு மேம்படுத்துவதாகச் சிறு ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்தது பதிவாகியுள்ளது. கருவுற்ற மகளிரும், தைராய்டு மருந்து உண்போரும் மருத்துவரைக் கேளாமல் தொடலாகாது. விதைகளிலும் கவனம் வேண்டும். பாலில் ஒரு சிட்டிகை சாதிக்காய் இழைத்துத் தருவது பாட்டிமார் வழக்கம். அந்த அளவோடு நின்றால் நன்று. ஐந்து கிராமை எட்டினால் குமட்டல், படபடப்பு, மனமயக்கம் வரை கொண்டுபோய்விடும். கசகசாவைச் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் எடுத்துச் செல்வோர் சட்டத்தில் சிக்குவர். வெளிநாட்டில் பிள்ளைகள் வாழும் பெற்றோர் இதை மறக்கலாகாது.

மேல்மலையில், கொடைக்கானலில் வேறொரு கதை. பூண்டுப்பால் உறக்கந்தரும் என்று அங்கே சொல்வார்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு நம் அடுக்களைக்கு உரியதன்று, விட்டுவிடலாம். மேலைநாட்டார் உறக்கத்திற்குப் புகழும் வலேரியன் செடியின் இனத்தவை பழனி மேல்மலைகளிலும் இயற்கையாக வளர்கின்றன. நீலகிரி, பழனி மலைமுகடுகளின் தாவரங்களைப் பற்றி 1915 முதல் நூல் வெளியிட்ட பைசனும், 1999இல் பழனி மலைத் தாவரங்களை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட கே. எம். மேத்யூ அடிகளாரும் அம்மலைச் செடிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தவர்கள். இதைக் கேட்டதும் சிலர்க்குக் கை துறுதுறுக்கும். ஆனால் வலேரியனில் மருந்து என்பது வேர். வேரை எடுத்தால் செடி மாளும். இமயத்தின் சடாமாஞ்சில் அவ்வாறே தோண்டித் தோண்டி அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டது. மேலும், வலேரியனால் விளையும் பயனும் உறுதியானதன்று. நாட்பட்ட உறக்கமின்மைக்கு அதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2017இல் கூறியது. பயன் ஐயத்துக்குரியது, உயிரிழப்போ உறுதி. இத்தகைய கணக்கில் சமணர் எப்பக்கம் நிற்க வேண்டும் என்று எவரும் எடுத்துரைக்கத் தேவையில்லை. 2013 முதல் கொடைக்கானல் காடுகள் வனவுயிர் சரணாலயம் என்பதால் சட்டமும் அப்பக்கமே நிற்கிறது.

கொடைக்கானல் சாலையோரங்களில் எக்காளம்போல் தலைகீழாகத் தொங்கும் பெரிய வெண்மலர்ச் செடி, ஊமத்தையின் உறவு. மாலையில் மணக்கும். மயக்கந்தரும் என்று கேள்விப்பட்டு அதன் பூவையோ இலையையோ கொதிக்க வைப்பது உயிருக்கே கேடு. கடைகளில் விற்கும் யூகலிப்டஸ் தைலம் மூக்கடைப்பு நீங்க ஆவி பிடிப்பதற்கு ஏற்றது. உள்ளுக்கு அருந்தினால் நஞ்சு. குழந்தைகள் கைக்கெட்டாமல் வைக்க வேண்டும்.

இனி நேரம். அந்திக்குமுன் உணவை முடிக்கும் நோன்பை உறக்கத்தின் கண்கொண்டு பார்த்தால், படுக்கைக்கும் உணவுக்கும் இடையே மூன்று மணிநேர இடைவெளி தானே அமைகிறது. நெஞ்செரிச்சலால் விழிப்போர்க்கு இது பெருந்துணை. சூரணத்தையும் பாலையும் அவ்வுணவோடு முடித்துக்கொள்ளலாம். அதன்பின் சாமாயிகம், நமஸ்கார மந்திரம், விளக்கணைத்தல். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். நாட்பட்ட உறக்கமின்மைக்கு மாத்திரைக்குமுன் பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்தும் பயிற்சியே முதற்சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் வகுத்தது. உறங்கவும் எழவும் ஒரே நேரம், உறக்கம் வராவிடில் படுக்கையைவிட்டு எழுந்து அமர்தல், பகலுறக்கம் குறைத்தல் ஆகியன அப்பயிற்சியின் உறுப்புகள்.

உரத்த குறட்டையோடு இடையிடையே மூச்சு நின்று திணறுவோர்க்கு எந்த உறக்க மூலிகையும் தரலாகாது. அவர்களை முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். உறக்கமின்மை வாரத்தில் மூன்று இரவாக மூன்று மாதம் நீடித்தவர்க்கும், துயரத்தால் உறக்கம் இழந்து வாழ்வையே வெறுத்துப் பேசுவோர்க்கும் அதுவே முறை. ஏற்கெனவே உறக்க மாத்திரை உண்டு வருவோர், மூலிகை கிடைத்ததென்று அதைத் திடீரென நிறுத்தலாகாது. மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.