கூரைக்குள் மறையும் வெப்பம்



பூவிருந்தவல்லியில் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், தம் பாட்டனார் வீட்டைத் தனிப்பயிற்சி நிலையமாக மாற்றி நான்கு ஆண்டுகள் நடத்தி வந்தார். சில ஆண்டுகளுக்கு முன், கலைமகள் பூசைக்கு என்னை அழைத்திருந்தார். தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பாவிய, மெட்ராஸ் டெரஸ் என வழங்கும் பழைய தளம் கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்கு ஒன்றரை அடி கீழே ப்ளைவுட்டால் பொய்க்கூரை. வெயில் தணிய அதன்மேல் தெர்மோகோல். வட்டத் துளைகளில் பதித்த பன்னிரண்டு ஆலசன் விளக்குகள். பார்வைக்கு அழகுதான். விளக்குகள் ஒரு மணி நேரம் எரிந்தபின் ஏதோ கருகும் வாடை எழுந்தது. அதன் கீழேதான் நாற்பது பிள்ளைகள் நாள்தோறும் அமர்ந்திருந்தார்கள்.

ஆலசன் விளக்கு உண்ணும் மின்சாரத்தில் ஒளியாவது சிறு பங்கே, எஞ்சியது வெப்பம். அதன் கண்ணாடிக் கிண்ணம் பெரும்பாலும் ஒளியைக் கீழே திருப்பி, வெப்பத்தைப் பின்புறம் விட்டுவிடும். கீழே இருப்பவருக்குச் சூடு தெரியாது. பாட்டனார் காலத்தில் விளக்கு வெட்டவெளியில் தொங்கியது. சூடு காற்றோடு போயிற்று. இப்போது அது மரத்துக்கும் தெர்மோகோலுக்கும் நடுவே அடைபட்டுக் கிடக்கிறது. தெர்மோகோலோ, நீர் கொதிக்கும் சூட்டை எட்டுமுன்பே இளகத் தொடங்கும். மற்றொரு தீங்கும் உண்டு. மின்கம்பியின் பி.வி.சி. உறையை மென்மையாக வைத்திருக்கும் பொருள், தெர்மோகோல் தொட்டுக்கொண்டிருந்தால் மெல்ல அதனுள் இறங்கிவிடும். பிறகு உறை விறைத்து வெடிக்கும்.

எல்.இ.டி. விளக்கு வந்தபின் இந்தக் கவலை எதற்கு என்பார்கள். சூடு குறைவென்பது மெய்யே. ஆயினும் அதன் முதுகிலுள்ள அலுமினியச் செதில்களுக்கும், மின்சாரத்தை மாற்றித்தரும் டிரைவர் பெட்டிக்கும் காற்றோட்டம் வேண்டும். அம்பத்தூரிலும் ஆவடியிலும் ஆஸ்பெஸ்டாஸ் வேய்ந்த பட்டறைகள் கடைகளாகவும் அலுவலகங்களாகவும் மாறுகின்றன. கத்தரி வெயிலில் அந்தத் தகட்டுக்குக் கீழே உள்ள இடைவெளி, விளக்கு ஏற்றாமலே அடுப்பாகிவிடும்.

துளையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஜிப்சம் பலகையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீரே. தீயில் அது ஆவியாகி வெளியேறும் வரை நெருப்பைத் தடுத்து நிறுத்தும். துளைக்கு ஏது அந்தத் தடை? மேல்மாடியில் ஆள் குடியிருந்தால், தீயைத் தாங்கும் மூடியை ஒவ்வொரு விளக்கின்மேலும் கவிழ்ப்பது நன்று. செலவென்று நம்மவர் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் 94 குழந்தைகள் மாண்டார்கள். சமையற்கட்டில் எழுந்த தீ மாடியின் கீற்றுக்கூரையைப் பற்றிக்கொண்டது, விளக்கால் வந்ததன்று. அப்போது ஆசிரியனாயிருந்த நான் பல இரவுகள் உறங்கவில்லை. பின்னர் தமிழகத்துப் பள்ளிகளில் கீற்றை அகற்றினார்கள். கீற்று கண்ணுக்குத் தெரிந்தது; ஆகையால் அகற்ற முடிந்தது. அதே பிள்ளைகளின் தலைக்குமேல், எரியக்கூடிய பொருளை இப்போது வெள்ளைச் சாயம் பூசி மறைத்து வைக்கிறோம்.

அன்றே மின்பணியாளரை வரவழைத்தோம். ஒரு விளக்கைக் கழற்றியதும் அதனைச் சுற்றியிருந்த தெர்மோகோல் குழிந்து சுருங்கியிருந்தது தெரிந்தது. கம்பியை வளைத்தார், உறை காய்ந்த சுள்ளிபோல் நொறுங்கியது.

“ஐயா, தேர்வு நெருங்குகிறதே, பிள்ளைகளை எங்கே வைப்பேன்?” என்றார் மாணவர்.

“திண்ணை இருக்கிறதே, தம்பி” என்றேன்.

பத்து நாள் திண்ணையில் பாடம் நடந்தது. பொய்க்கூரை முழுவதையும் பிரித்தார்கள். ஒரு தேக்குச் சட்டத்தில் பழைய ஊஞ்சற்கொக்கி அப்படியே இருந்தது. இப்போது அதில் மின்விசிறி சுழல்கிறது. பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி, இரண்டு குழல்விளக்குகள்.